தலைகீழாக ஒட்டிய சுவரொட்டி: ஷோன் ரானின் சித்திர நூலொன்றை முன்வைத்து

சொற்களே இல்லாத ஒரு புத்தகத்துக்கு விமர்சனம் எழுத முற்படுவது சற்று வேடிக்கையான காரியந்தான். ஷோன் ரான் வரைந்த ‘த அரைவல்’ என்ற சித்திர நூல் 2006 இல் அவுஸ்திரேலியாவில் வெளியானது. 128 பக்கங்கள். கதைக்குள் வாசித்தறியக்கூடிய ஒரு சொல்கூட இல்லை. 2007 இல் வந்த பிரெஞ்சுப் பதிப்புக்கு ‘லா ஊ வோன் நோ பேர்’, அதாவது ‘எங்கள் தந்தையர் போகுமிடம்’ என்று பெயர் வைத்தார்கள். மூலத்தின் பெயரைவிட இதுவே நல்ல பெயர் என்பது எமது அபிப்பிராயம். ‘வந்து சேர்தல்’ முடிந்துபோன காரியம் போலத் தொனிக்கிறது. போவது இன்னும் முடியவில்லை. நாம் இதை முதலிற் கண்டது பாரிஸின் நகரசபை நூலகமொன்றில், சிறுவர் பகுதியில். பிரெஞ்சு பழகவென்று சிறுவர் புத்தகம் எடுக்கப் போன இடத்தில் பிரெஞ்சே இல்லாத ஒரு புத்தகம் கையில் அகப்பட்டது.

கதை எமக்குத் தெரிந்த கதைதான். ஒருவன் பெட்டி கட்டுகிறான். மனைவியும் சிறு மகளும் புகையிரத நிலையம் வரை வருகிறார்கள். அந்த ஊரின் தெருக்களுக்கு மேலே கறுத்த, முள்வைத்த வால்கள் நெளிந்துகொண்டிருக்கின்றன. யாருடைய வால், எதனுடைய வால் என்று ரான் சொல்வதில்லை. பிறகு கப்பல். பயணத்தின் நாட்களைக் காட்டுவதற்கு இரண்டு பக்கம் முழுக்க முகில்களை மட்டும் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்திருக்கிறார். கட்டங்களை எண்ணத் தொடங்கினால் கண் சலித்துவிடும். அந்தச் சலிப்புத்தான் கடல். இறங்கிய இடத்தில் மருத்துவப் பரிசோதனை, மேலங்கியிற் குத்தப்படும் துண்டுகள், ஒரு விசாரணை. அந்த நாட்டு எழுத்து ரான் தானே உண்டாக்கிய எழுத்து. ஆகவே ஆங்கிலத்தில் புலமை பெற்ற வாசகரும் அந்தப் பக்கங்களில் எம்மைப் போலத்தான் நிற்கவேண்டும். அகதிக்கு நேர்வதை வாசகருக்கும் நேரவைக்கிற இந்த உத்தி மிக எளிமையானது. அதைப் பாராட்டவேண்டும்.

நாயகனுக்குக் கிடைக்கிற முதல் வேலை சுவரொட்டி ஒட்டுவது. பசையும் தூரிகையுமாக மினக்கெட்டு ஒட்டுகிறான். எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டிவிடுகிறான். எழுத்துத் தெரியாதவனுக்கு எது மேல், எது கீழ்? வேலை போகிறது. இந்தப் பக்கத்தில் எமக்குச் சிரிப்பு வந்தது. சமையற்கட்டில் எமது முதல் மாதத்தில் செஃப் ‘புவாவ்ர்’ கேட்டார். நாம் ‘புவாவ்ரோன்’ கொண்டுபோய்க் கொடுத்தோம். மிளகு கேட்டவருக்குக் கறிமிளகாய். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எம்மைப் பார்த்த பார்வையும், ரானின் முதலாளி தலைகீழான சுவரொட்டியைப் பார்க்கிற பார்வையும் ஒன்றுதான். இந்த ஓவியர் எந்தச் சமையற்கட்டில் நின்றார் என்று யோசித்தோம்.

அவர் நிற்கவில்லை. 1974 இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். தகப்பன் மலேசியச் சீனர், கட்டடக்கலை படிக்க 1960 இல் வந்தவர். வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை இன்னும் நடைமுறையிலிருந்த காலம் அது. புத்தகத்தின் உட்புற அட்டைகளில் கடவுச்சீட்டுப் படங்கள் போல வரிசையாக முகங்கள் வரும். அவற்றுள் தகப்பனின் படத்தைப் பார்த்து வரைந்த முகமும் ஒன்று. மற்றவை பல, நியூயோர்க்கின் எலிஸ் தீவில் வந்திறங்கியவர்களின் பழைய புகைப்படங்களைப் பார்த்து வரைந்தவை. கப்பல் தளத்துக் காட்சிக்கு ரொம் றொபேட்ஸ் 1886 இல் வரைந்த ‘கமிங் சவுத்’ ஓவியத்தைத் தழுவியிருக்கிறார். இவற்றையெல்லாம் ஒளிக்காமல் நூலின் கடைசிக் குறிப்பிற் சொல்லியுமிருக்கிறார். நாயகனின் உடலுக்கு மாதிரியாக நின்றது அவரே. முதலில் 32 பக்கச் சாதாரணச் சித்திரக் கதையாக நினைத்தது, றேமன்ட் பிறிக்ஸின் ‘த ஸ்னோமான்’ என்ற சொல்லற்ற நூலைக் கண்ட பிறகு சொற்களைக் கைவிட்டு வளர்ந்து, ஏறத்தாழ நான்கு வருட வேலையாயிற்று. யாரும் தலைப்புக் கொடுத்து, திகதி குறித்து, “இதை வரை” என்று சொன்ன வேலையல்ல. பென்சிலை வைத்துக்கொண்டு நான்கு வருடம்.

ரான் போட்டிகளுக்கு அனுப்பாதவரல்ல. 1992 இல், பதினெட்டு வயதளவில், ‘இலஸ்ரேற்றேர்ஸ் ஒஃப் த பியூச்சர்’ என்ற விஞ்ஞானப் புனைகதைச் சித்திரப் போட்டியில் வென்றார். அதில் வென்ற முதல் அவுஸ்திரேலியர் அவர். போட்டி சயன்ரோலொஜியின் தாபகர் றொன் ஹபார்ட்டின் பெயரில் நடப்பது என்பது வேறு சங்கதி. பிரான்சின் பாராளுமன்ற அறிக்கையொன்று 1995 இல் அந்த அமைப்பைக் குழுமதங்களின் பட்டியலிற் போட்டது. ஆனால் அந்தப் போட்டியின் நிபந்தனை பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை. படத்தின் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். பெரிய பிரசுரங்களை எட்டமுடியாத பெடியன் ஒருவனுக்கு, தூரதேசத்து நடுவர்கள் தன் படத்தைப் பார்த்தார்கள் என்பதே போதும். அவ்வளவுக்குப் போட்டி உதவியது.

பிற்காலத்தில் வந்தவை வேறு விதமானவை. 2008 இல் அங்குலேம் சித்திரக்கதை விழாவில் ஆண்டின் சிறந்த நூலுக்கான விருது. 2011 இல் ‘த லொஸ்ற் திங்’ குறும்படத்துக்கு ஒஸ்கார். அதே வருடம் சுவீடனின் அஸ்திரிட் லின்ட்கிறென் நினைவு விருது. இவை எல்லாம், செய்து முடித்த வேலையைத் தேடி வந்த பரிசுகள். போட்டி அப்படியல்ல. தலைப்பை முதலில் தந்துவிட்டு வேலையைப் பிறகு கேட்பது அது. எம்மவர் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம், நாமும் குழப்பியிருக்கிறோம்.

நூலின் குறைக்கு வருவோம். ரானின் நாட்டில் விசாரணை ஒரே தடவை. கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்துகிறான், முத்திரை விழுகிறது, உள்ளே போகிறான். நிராகரிப்புக் கடிதம் இல்லை, மேன்முறையீடு இல்லை, இரண்டு வருடம் தபாற்பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பது இல்லை. அவன் சந்திக்கிறவர்கள் எல்லோரும் முன்னர் வேறு எங்கிருந்தோ தப்பி வந்தவர்கள், எல்லோரும் நல்லவர்கள். அந்த மண்ணில் முதலிலேயே இருந்தவர்கள் எங்கே என்ற கேள்விக்கும் நூலில் இடமில்லை. இத்தனைக்கும் 1998 இல் ஜோன் மாஸ்டனுடன் சேர்ந்து ‘த றபிற்ஸ்’ என்ற நூலில் குடியேற்ற ஆக்கிரமிப்பை வரைந்தவர் இதே ரான்தான். தெரியாமல் விட்டதல்ல.

2007 இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இந்த நூலுக்கு ஆண்டின் சிறந்த நூல் என்ற விருதைக் கொடுத்தது. அதே 2007 இல், கடலில் மறிக்கப்பட்ட எண்பதுக்கு மேற்பட்ட இலங்கையரை, பெரும்பாலும் தமிழரை, அவுஸ்திரேலிய அரசாங்கம் நவுருத் தீவுக்கு அனுப்பியது. புத்தகத்தின் அகதிக்குக் கைதட்டல், படகின் அகதிக்குத் தீவு. இதற்கு ரானைக் குற்றம் சாட்ட முடியாது. ஆயினும் அரசுகள் தயக்கமின்றிக் கைதட்டக்கூடியதாக ஒரு அகதிக்கதை அமைந்துவிட்டால், அந்தக் கதையை இன்னொருமுறை திருப்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது. பொல்லாத பக்கங்களை அவர் மற்றவர்களின் கிளைக்கதைகளுக்குள் வைத்தார். நிலக்கரி அள்ளவைக்கப்பட்ட பெண், போருக்கு அணிவகுத்துப் போய் ஒற்றைக் காலுடன் திரும்பும் கிழவர். எல்லாம் விட்டுவந்த நாடுகளில் நடந்தவை. வந்த நாட்டில் எதுவும் நடக்கவில்லை.

இத்தனை சொல்லியும், எமது போட்டிகளுக்கு வருகிற படங்களை நினைத்தால் ரானின் நான்கு வருடம் எங்கோ உயரத்தில் நிற்கிறது.

நாம் ஒருமுறை நடுவராக இருந்தோம். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவரென்று கூப்பிட்டார்கள்; படிப்பை முடிக்கவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. தலைப்பு ‘தாயகம்’. வந்தவற்றில் முக்கால்வாசி பனைமரம். மீதியில் முள்ளுக்கம்பி, சிறகொடிந்த புறா, தலைவிரித்த தாய். பனை எமக்கு முக்கியமில்லை என்பதல்ல. ஆனால் அவற்றைக் கீறியவர்கள் ஒரு பனையைக் கீறவில்லை, ‘பனை’ என்ற சொல்லைக் கீறினார்கள். பத்து வயதுப் பிள்ளையொன்று கைத்தொலைபேசி ஒன்றை வரைந்திருந்தது. திரையில் அம்மம்மாவின் நெற்றி பாதி, மிச்சமெல்லாம் சுழல்கிற மின்விசிறி. கைத்தொலைபேசியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத கிழவியின் முகம் அப்படித்தான் தெரியும். நடுவர் மூவரும் அதைக் கையிலெடுத்துச் சிரித்தோம். “தலைப்புக்குப் பொருந்தவில்லை” என்று எழுதிவிட்டு முதற்பரிசைப் பனைக்குக் கொடுத்தோம். அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட நாம் குறித்துவைக்கவில்லை.

எம்முடன் வேலைசெய்யும் அண்ணை ஒருவர் நன்றாகப் படம் கீறுவார். எமது அமைப்பொன்று இலச்சினைப் போட்டி வைத்தது. பரிசு 200 யூரோ. “அனுப்புங்கோ அண்ணை” என்று தூண்டியது நாம்தான். இரண்டு ஞாயிறு இருந்து வரைந்து அனுப்பினார். தகுதியான படைப்புக் கிடைக்காதபடியால் பரிசில்லை என்று அறிவித்தார்கள். ஆறேழு மாதம் கழித்து அவர்களுடைய விழாப் பதாகையில் அண்ணையின் இலச்சினை, வளைவொன்றை மாற்றி, நிறத்தையும் மாற்றி, தொங்கியது. நிபந்தனைத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது: அனுப்பப்படும் படைப்புகள் யாவும் ஏற்பாட்டாளருக்கே சொந்தம். பிரெஞ்சுச் சட்டப்படி படைப்பில் தன் பெயருக்கு ஒருவருக்குள்ள உரிமையை அவரே விரும்பினாலும் எழுதிக் கொடுக்க முடியாது. விற்கக்கூடியது பயன்படுத்தும் உரிமை மட்டுந்தான். இதை அண்ணைக்குச் சொன்னோம். “எங்கட ஆக்களோட எப்பிடித் தம்பி வழக்குக்குப் போறது” என்றார். சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் அவரை உந்திவிட்ட எமக்கும் அதிற் பங்கிருக்கிறது. போட்டி வைக்கிறவர்களைத் திட்டுவது எளிது. நிபந்தனைத் தாளைக் கடைசி வரி மட்டும் வாசிப்பதும் அப்படியொன்றும் கடினமல்ல.

அண்ணையின் உண்மையான வேலை அந்த இலச்சினையில் இல்லை. அது ஓடர்த் துண்டுகளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அவருடைய மகளுக்கு ஆறு வயது. அண்ணை வீடு போகும்போது அது நித்திரை, எழும்பிப் பள்ளிக்குப் போகும்போது இவர் நித்திரை. ஆகவே ஒவ்வொரு இரவும் ஒரு படத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைப்பார். பாரிசுக்கு வந்த யானையொன்று ரெஸ்ரோறன்ரின் நிலக்கீழ் அறையில் தும்பிக்கையாற் கோப்பை கழுவுகிறது. சுழற்படியில் இறங்க முடியாமல் இடையில் இறுகி நிற்கிறது. உருளைக்கிழங்குச் சாக்கில் இருந்து சாப்பிடுகிறது. கடைசி மெத்ரோவில் ஏறிய பிறகு கதவு பூட்டமாட்டேனென்கிறது.

பிரான்சில் யானை என்றதும் பபார் நினைவுக்கு வரும். அதுவும் வீட்டுக்குள் பிறந்ததுதான். சிசில் டி புறூனோஃப் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையை ஓவியரான கணவர் ஜோன் வரைந்து, 1931 இல் புத்தகமாயிற்று. ஆனால் பபார் நகரத்துக்கு வந்ததும் சீமாட்டியின் காசில் பச்சைக் கோட்டு வாங்கி, கனவானாகி, பின் காட்டுக்குத் திரும்பி அரசனாகிறது. சிலியிலிருந்து நாடுகடந்த எழுத்தாளர் ஆரியல் டோர்ப்மன் இதிலுள்ள குடியேற்றவாதக் கனவை 1983 இலேயே உரித்துக் காட்டிவிட்டார். அண்ணையின் யானைக்குக் கோட்டு இல்லை, ஏப்ரன்தான். அரசனாகிற எண்ணமும் அதற்கில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். யானையின் கால்கள் படத்துக்குப் படம் தடிப்பு மாறுகின்றன. ஆரம்பத் துண்டுகளில் காதுகள் ஆபிரிக்க யானையின் காதுகளாயிருக்கின்றன, பபாரைப் பார்த்ததால் வந்த பழக்கமாயிருக்கும். பின்னர் சிறுத்து எமது ஊர்க் காதுகளாகின்றன. நீராவியை அவருக்கு வரையத் தெரியவில்லை, புகையாகத்தான் வருகிறது. ஆனால் பாரம் தெரிகிறது. அந்தப் படியில் யானை இறுகி நிற்கிறபோது அதன் முழுப் பாரமும் சுவரிற் கிடப்பது பேனாக் கோட்டிலேயே தெரிகிறது. ரானின் பென்சிலில் நாம் கண்டதும் இதைத்தான்: நாயகன் பெட்டியைத் தூக்கும்போது தோள் இறங்குகிற அளவு.

இத்தாலியின் பொலோஞாவில் 1967 முதல் சிறுவர் நூல் ஓவியர்களுக்கான தெரிவுக் கண்காட்சி நடக்கிறது. ஒரே பொருளில் ஐந்து படங்கள் அனுப்பவேண்டும். பொருளை அனுப்புகிறவரே தீர்மானிக்கலாம், நூலாக வந்திருக்கவேண்டும் என்றுமில்லை. இந்தமுறை நிபந்தனைகளை முழுக்க வாசித்துவிட்டுத்தான் அண்ணையிடம் போனோம்.

“உதை எப்பிடித் தம்பி அனுப்புறது? உது பிள்ளைக்குக் கீறினது. பின்னால பில் கிடக்கு.”

பெரிய தாளிற் திருப்பிக் கீறலாம் என்றோம். பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிள்ளை நான்கைத் தெரிவு செய்து கொடுத்திருக்கிறது. ஐந்தாவதில் யானைக்கு ஒரு நாள் லீவு கிடைக்கவேண்டுமாம். லீவு நாளில் அது எங்கே போகும் என்று அண்ணைக்கு இன்னும் பிடிபடவில்லை.