பேரும் அரைப்பேரும்: மலையகப் பாடல்கள் வைத்த கணக்கு

ஈழத்து மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்டார் பாடல்களை ஆராய்வோர் பலர், அவற்றைச் சோகப் பாடல்கள் எனப் பெயரிட்டு அவ்வளவில் அமைதியுறுவர். அவலச்சுவையே அப்பாடல்களின் உயிர் என்பது பொதுவாக நிலவும் கொள்கை. அது முழுதும் பிழையன்று, ஆயினும் குறையுடையது. அழுகை என்று மட்டும் கொண்டால், பாடியவர் எதனை எண்ணிப் பார்த்தார், யாரோடு வழக்காடினார் என்பன மறைந்துபோம். மாத்தளைப் பகுதியின் வரலாற்றை முன்வைத்து நோக்குமிடத்து, இப்பாடல்கள் புலம்பலினும் மேலான ஒன்றாக, தோட்ட நிருவாகத்தின் ஏட்டில் ஏறாதவற்றை ஏற்றிவைத்த எதிர்க்கணக்காக நிற்றல் புலனாகும்.

மாத்தளை இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களமாதல் தற்செயலன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவியபோது, தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காடு கடந்து நடந்து, மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையை அடைந்தனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது 1880இல். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்கள் பல, தலையிற் சுமையும் இடுப்பிற் குழந்தையுமாக நடந்து வந்தோரால் உருவாகிவிட்டன. அம்மையும் வாந்திபேதியும் நீக்குபவளாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் போற்றப்பட்ட மாரியம்மை, மாத்தளையின் பெருந்தெருவில் முத்துமாரியம்மனாகக் கோயில் கொண்டிருப்பதன் பொருளை இவ்வழிநடையோடு சேர்த்தே உணர்தல் வேண்டும்.

தோட்ட வழக்கில் உள்ள சொல்லொன்று இங்கே கருதத்தக்கது. ஒரு நாட் கூலியைத் தொழிலாளர் ‘பேர்’ என்பர். காலையிற் பிரட்டுக் களத்தில் நின்று, மலைக்குச் சென்று, குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் விழுவது அரைப்பேர். பெயர் என்பது ஒருவரைப் பிறரினின்று பிரித்துக் காட்டுவது, பெற்றோர் இட்டது, தெய்வத்தின் முன் சொல்லி அருச்சிப்பது. தோட்டத்து ஏட்டிலோ அது நாளொன்றுக்கு ஒருமுறை ஈட்டிக்கொள்ள வேண்டிய பொருளாயிற்று. மழையாற் கொழுந்து குறைந்த நாளிலும், பிள்ளை நோயுற்றதாற் பிந்திவந்த நாளிலும் ஒரு பெண் அரைப்பேருக்கு உரியவள் ஆனாள். ஒரு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதையும் இவ்வொரு சொல் காட்டிவிடுகின்றது.

அந்த ஏட்டின் மறுபக்கம் கடன். ஊரை விட்டுப் புறப்படும்போதே கங்காணி தந்த முன்பணம் தொழிலாளியின் தலையில் ஏறியது. வழிச்செலவு, துணி, அரிசி ஆகியன அதன்மேல் ஏறின. அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. மிஞ்சிய கூலியும் மாதக்கணக்கில் நிலுவையாக நின்றதுண்டு. வேறு தோட்டம் செல்ல விரும்பினால், பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’ எனும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தே ஆட்களை ஏற்கும். ஆகவே ஆள் பெயர்ந்தாலும் கடன் உடன் சென்றது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தமையால், உழைப்பவரின் வருகை பிறர்க்கும் வருவாயாயிற்று. இத்துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டமே ஒழித்தது.

இவ்வாழ்க்கையைப் பற்றித் தமிழில் அச்சேறிய பழைய நூல்கள் எங்ஙனம் பேசின என்பதை அடுத்து நோக்கலாம். ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பி கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. கும்மி பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடும் கூட்டுப் பாட்டு. அவ்வடிவத்தை எடுத்துக்கொண்ட இந்நூல், கோப்பிச் செய்கையின் முறைகளை விரித்துத் துரைமாரின் முயற்சியைப் போற்றுகின்றது. வடிவம் உழைப்பாளர் உடைமை. குரல் உடைமையாளர் பக்கத்தது. அவ்வாண்டிலேயே கோப்பி இலையைத் தின்னும் துருநோய் இலங்கையிற் கண்டறியப்பட்டமை வரலாற்றின் நகை எனலாம். புகழ்ந்து பாடப்பட்ட பயிர் இருபதாண்டுகளுக்குள் பெரும்பாலும் அழிந்தது. தேயிலையும் மாத்தளைப் பக்கத்தில் கொக்கோவும் றப்பரும் அதன் இடத்தைக் கொண்டன. பயிர் மாறியது, பேர் மாறவில்லை.

மற்றொரு வகை, சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென அச்சான கையேடுகள். அவற்றுள் ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா’ என்பது. ‘நீங்கள்’, ‘வாருங்கள்’ எனும் மரியாதைப் பன்மை தமிழின் இயல்பாய் இருக்க, முதியவரையும் ஒருமையில் ஏவும் மொழி அங்கே பாடமாக்கப்பட்டது. மு. நித்தியானந்தன் 2014இல் வெளியிட்ட ‘கூலித் தமிழ்’ எனும் நூல் இவ்வேவல் மொழியையும் மேற்கூறிய கும்மியையும் ஆராய்ந்து, மலையக இலக்கிய வரலாற்றுக்கு நல்ல அடிப்படை இட்டது. கும்மி, கையேடு ஆகிய இரண்டிலும் தொழிலாளி கேட்பவனாக உள்ளான், பேசுபவனாக இல்லை.

பேசும் தொழிலாளியை வாய்மொழிப் பாடல்களிலேயே காண்கின்றோம். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மாமன் மகனே’ இத்துறையிற் சிறந்த தொகுதி. அதன் பெயரே ஒரு மறுமொழி. ஏட்டில் எண்ணாகவும் அரை எண்ணாகவும் நிற்பவன், பாட்டில் மாமன் மகனாகின்றான், உறவால் அழைக்கப்படுகின்றான். தோட்டப் பாடல்களில் ஊரிழந்ததும் தாயை இழந்ததும் உடன்பிறந்தாரைக் கண்டிச் சீமையிற் பறிகொடுத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. இவ்வடுக்கு ஒப்பாரிக்கு உரிய மரபென்பது உண்மை. ஆயினும் அடுக்குதல் எண்ணுதலும் ஆகும். கொடுத்தது இது, பெற்றது இது என இரு பத்தியாகப் பிரித்துக் காட்டும் முறை அதில் உண்டு. கங்காணி அரைப்பேர் போட்டான், எடையைக் குறைத்தான், தவறாக நடந்தான் என்னும் குற்றச்சாட்டுக்கள், பெயர் குறித்தும் செயல் குறித்தும் வருவன. பொத்தாம் பொதுவான துயரமாக வருவன அல்ல.

உழைப்பவர் பாட்டுக் கணக்காக அமைதல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டுக் கென்டக்கிப் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் கம்பெனி வீட்டிற் குடியிருந்து, கம்பெனி வெளியிட்ட வில்லையைக் கூலியாகப் பெற்று, கம்பெனிக் கடையிலேயே பொருள் வாங்கினர். மெர்ல் டிராவிஸ் 1946இல் ஒலிப்பதிவு செய்த ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ எனும் பாட்டு, பதினாறு தொன் வெட்டியும் கடனே மிஞ்சிய ஒருவனின் கூற்று. செல்வத்தில் முதன்மையுற்ற நாட்டிலும் சிறிய இத்தீவிலும், வீடும் கடையும் கூலியும் ஒரே கையிலிருந்தால் விளைவு ஒன்றே என்பதற்கு இவ்விரு நாட்டுப் பாடல்களும் சான்று.

இப்பாடல்களின் எல்லையையும் நடுநிலையோடு கூறுதல் திறனாய்வாளர் கடன். அவற்றின் சினம் பெரும்பாலும் கங்காணியின்மேலும் கணக்கப்பிள்ளையின்மேலும் செல்கின்றது. துரைமேற் சிறிதளவு செல்கின்றது. இலண்டனில் இருந்து இலாபப் பங்கு பெற்றவரை அவை அறியா. கண்ணுக்கு எட்டிய தூரமே பாட்டின் எல்லையாயிற்று. மேலும் கங்காணி உறவும் சாதியும் கொண்டு ஆளைச் சேர்த்தவன். லயத்தில் எவர் எந்தக் காம்பராவில் இருப்பது என்பதிலும் சாதி புகுந்தது. இவ்வேற்றுமை பற்றிப் பாடல்கள் பேசுவது குறைவு. வெளியார் இழைத்த அநீதியைக் கணக்கிட்ட நா, உள்ளிருந்த அநீதியிடத்துத் தயங்கியது.

பாடல்கள் தொடங்கிய கணக்கைச் சட்டங்கள் தீர்த்தனவா எனின், மிகவும் மெதுவாகவே தீர்த்தன. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்த கூலி, உயர் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஒரே மழையில் நனைந்து, ஒரே சரிவில் ஏறியோருக்கு இரு விலை. இவ்வேற்றுமை நீங்கிச் சமகூலி வந்தது 1984இல். அரை நூற்றாண்டுக்கு மேல் பெண்ணின் முழுப்பேரும் ஆணின் பேரிற் குறைந்தே நின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பேசித் தீர்க்கப்பட விடப்பட்டனர். அரசுகளின் ஏட்டிலும் அவர்கள் தலைக்கணக்காகவே நின்றனர். 2003ஆம் ஆண்டுச் சட்டமே நாடற்ற நிலையை நீக்கும் வழியைத் திறந்தது. ஆயிரம் ரூபா நாட்கூலி பல்லாண்டு கோரிக்கையின் பின் 2021இல் அரச வர்த்தமானி வாயிலாக வந்தபோதும், பறிக்க வேண்டிய கிலோவின் அளவு பற்றிய பிணக்கு உடன் எழுந்தது. கூலி உயர்ந்தால் அளவும் உயரும் என்னும் அச்சத்தில் அரைப்பேரின் நிழல் உண்டு.

மாத்தளை மண் இக்கணக்கை மறந்ததில்லை. மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு, மலரன்பன் ஆகிய மூவரும் ‘தோட்டக் காட்டினிலே’ எனும் சிறுகதைத் தொகுதியை ஒருங்கே தந்தனர். பாட்டில் ஒலித்த குரல் உரைநடைக்குப் பெயர்ந்ததற்கு அது சான்று. 2023இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து ஜூலை இறுதியிற் புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்டு 12இல் மாத்தளையில் நிறைவெய்தியது. முன்னோர் கடனோடு நடந்த பாதையிற் பின்னோர் உரிமை கேட்டு நடந்தனர்.

இந்நிலையில் கல்லூரிகளில் இப்பாடல்களைப் பயிலும் முறை திருந்த வேண்டும். எந்தத் தோட்டத்தில், எந்த வேலையின்போது, யார் யாரை நோக்கிப் பாடியது என்பவற்றைக் குறியாது பாட்டை மட்டும் அச்சிட்டால், கணக்கேட்டின் எண்களை அழித்து வெறுந்தாளைக் காப்பதாகவே முடியும். இறத்தோட்டையிலும் கம்மடுவையிலும் எல்கடுவையிலும் பழைய பாட்டறிந்த மூதாட்டியர் உள்ளவரை, மாணவர் சென்று கேட்டு எழுதுதற்குக் காலம் உண்டு. எழுதுவோர் முதலிற் பாடியவரின் பெயரைக் கேட்டு, அதனை முழுமையாக எழுதுதல் வேண்டும். செக்ரோல் ஒருபோதும் செய்யாத செயல் அது.