இருளுக்கும் ஒரு நடைமுறை உண்டு: வன்னிப் புனைவின் வழிகளும் அளவுகோல்களும்

டிஸ்டோபியா எனப்படும் இருள்நாட்டுப் புனைவு ஐரோப்பாவில் பெரும்பாலும் வருங்காலத்தைப் பார்த்தே வளர்ந்தது. சமியாதினின் ‘நாங்கள்’ 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’ வந்தது 1949இல். இனி வரக்கூடிய கொடிய ஆட்சி ஒன்றை வாசகருக்கு நம்பும்படி காட்டுவதே அவர்களின் வேலை. வன்னியில் எழுத உட்காருபவரின் சிக்கல் வேறு. அவருடைய வாசகர் அந்த நாட்டிலேயே குடியிருந்து வந்தவர். பங்கர் வெட்டிப் பழகிய கை, பிசகான ஒரு வரியைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிடும். இறந்தவர் தொகையைக் கூட்டிச் சொல்வதால் அந்த வாசகர் நம்பப் போவதில்லை. அந்த நாடு எப்படி நடந்தது என்று தெரிந்து எழுதினால்தான் நம்புவார். நமது போர்க்காலப் புனைவுகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன.

இந்த வழிகளுக்கு முன்னால் ஒரு நூலை வைக்க வேண்டும். 1973இல் வந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. தண்ணிமுறிப்புப் பக்கத்துக் காடும் குளமும் வயலும் அதிலே இருக்கின்றன. அங்கேயும் வாழ்க்கை கடினம்தான். ஆனால் யாரும் யாரிடமும் அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை. பறிபோனது என்ன என்று தெரியாத வாசகருக்குப் பறிபோனதன் கனம் விளங்காது. அந்த வகையில் பின்னால் வந்த இருண்ட கதைகளுக்கெல்லாம் ‘நிலக்கிளி’ ஓர் அளவுக்கல்.

முதலாவது, சாட்சி வழி. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’, கிளிநொச்சியின் தீபச்செல்வன் எழுதிய ‘நடுகல்’ (2018) போன்றவை இதைச் சேர்ந்தவை. கண்டதை மறக்கவிடாமல் எழுதுவது இவற்றின் அறம். இழப்பின் எடை இங்கேதான் அதிகம். ஆனால் துயரம் மட்டும் தொடர்ந்து வரும்போது, அந்தத் துயரத்தை இயக்கிய ஏற்பாடுகள் பின்னுக்குப் போய்விடும் ஆபத்தும் இந்த வழிக்கு உண்டு.

இரண்டாவது, உள்ளிருந்து கேள்வி கேட்கும் வழி. குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ போராளிகளின் பயிற்சிக்கால வாழ்வுக்குள் போகிறது. ‘விடமேறிய கனவு’ தோல்விக்குப் பிந்திய தடுப்புக்குள் போகிறது. யோ. கர்ணனின் சிறுகதைகள் புலிகள் இயக்கத்தையும் சனத்தையும் ஒரே நக்கலோடு பார்க்கின்றன. சயந்தனின் ‘ஆதிரை’ (2015) மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களையும் கணக்கில் எடுத்து, போருக்கு முன்பே நமக்குள் இருந்த மேடுபள்ளங்களைக் காட்டுகிறது. ஆட்சி என்பது மேலேயிருந்து மட்டும் இறங்குவதில்லை, பக்கத்து வீட்டிலிருந்தும் வருகிறது என்பதை இந்த வழியே சொல்லித் தந்தது.

மூன்றாவது, புனைந்து திரிக்கும் வழி. ஷோபாசக்தியின் ‘பொக்ஸ் கதைப்புத்தகம்’ (2015) போருக்குப் பிந்திய வன்னிக் கிராமம் ஒன்றை எடுத்து, கதைக்குள் கதையாக அடுக்கி, உண்மையையும் கட்டுக்கதையையும் கலந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும் வஜ்ர சந்திரசேகரவையும் இங்கே நினைக்கலாம். நெபுலா விருது பெற்ற அவருடைய 2023ஆம் ஆண்டு நாவல், இலங்கையின் இன, மத அதிகாரத்தைப் பெயர் மாற்றிய ஒரு மாயநகரில் வைத்துப் பேசுகிறது.

இனி, இந்த வழிகளில் எழுதப்படுவதை அளக்கும் அளவுகோல்கள்.

முதல் அளவுகோல் தாள். 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிந்திய கிளிநொச்சியில் ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் அரச அதிபருக்கும் கொழும்பிலிருந்து சம்பளம் வந்தது. நீதிமன்றமும் காவல்துறையும் வரியும் புலிகளிடம் இருந்தன. ஒரே சனத்தை இரண்டு நிர்வாகங்கள் ஆண்டன. வன்னியை விட்டு வெளியேறப் புலிகளின் பாஸ் வேண்டும். ஓமந்தையைக் கடந்தால் மற்றப் பக்கத்துப் பதிவும் சோதனையும். இந்த இரண்டு வரிசைகளிலும் நின்ற ஒரு கிழவியை எழுதத் தெரிந்தவருக்கு வில்லன் தேவையில்லை.

இரண்டாவது, பண்டம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் சீமெந்தும் யூரியாவும் வன்னிக்குள் வரமுடியாத பொருள்கள். சனம் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது. பெற்றோலைக் காட்டிக் கிளப்பிய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியது. 2009இல் கூறைச்சேலை உட்பட அலுமாரியில் இருந்த சேலைகளெல்லாம் மண்மூட்டைகளாகி பங்கர் வாசலில் அடுக்கப்பட்டன. ஒரு பொருள் தன் வேலையை மாற்றிக்கொள்ளும் இடத்தில் காலம் மாறிவிட்டது என்று வாசகர் தானே அறிவார். அதற்கு மேல் ஆசிரியரின் விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவதும் முக்கியமானதும், விதிக்கும் சனத்துக்கும் நடக்கும் பேரம். வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் ஆட்சேர்த்தபோது, கலியாணம் செய்தவரை விடுவார்கள் என்று பெற்றோர் பிள்ளைகளுக்கு அவசரக் கலியாணம் செய்துவைத்தனர். பிறகு கலியாணமும் காக்கவில்லை. சில வீடுகளில் ஆட்சேர்ப்பு ஒருவரோடும் நிற்கவில்லை. விதி, அதற்கொரு தப்பும் வழி, அந்த வழியை அடைக்கும் இன்னொரு விதி: இருள்நாட்டுக் கதையை நகர்த்துவது இந்த மூன்றும்தான். சனம் வெறும் பலியாக நிற்கும் கதையில் அசைவே இருக்காது.

நான்காவது, ஆள்பவரின் நியாயம். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவரும் நேற்று அதே ஊரில் பந்தடித்தவராக இருக்கலாம். தான் செய்வது சரி என்று அவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை வாசகர் ஒரு கணமாவது உணர வேண்டும். அப்படி உணர்ந்தால்தான் பயம் பிறக்கும்.

ஐந்தாவது, அடக்கம். தன் 1985ஆம் ஆண்டு நாவலில் மனித வரலாற்றில் எங்காவது நடவாத எதையும் சேர்ப்பதில்லை என்று மார்கரெட் அட்வூட் ஒரு விதி வைத்திருந்தார். நமக்கு அது அரைவாசிதான் உதவும். இங்கே நடந்தவற்றில் பல, கதையில் வைத்தால் மிகையாகத் தெரியும். செட்டிகுளம் மெனிக்பாமில் போரில் இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோரை அரசு முட்கம்பிக்குள் வைத்தபோது அதன் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பிரமுகர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஒரு நாவலாசிரியர் இதைக் கற்பனை செய்திருந்தால் விமர்சகர் மலிவான அங்கதம் என்றிருப்பார். இப்படிப்பட்ட உண்மையைச் சத்தமில்லாமல், முகவரி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நகர வேண்டும்.

ஆறாவது, இரண்டு கணக்கும் எழுதுதல். அரசின் எறிகணையை எழுதியவர் பாஸையும் எழுத வேண்டும். பாஸை எழுதியவர் முட்கம்பியை விடக்கூடாது. ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் எழுதினால் பிரசாரம் என்பார்கள். அதைவிடப் பெரிய குறை, கதை பிழைத்துப்போகும். இந்த நாடு இரண்டு பக்கமும் நெருக்கித்தான் அப்படியானது.

கடைசியாக ஒன்று. நமது இருண்ட புனைவுகளில் பெரும்பாலானவை 2009 மே 18இலோ அதன் நிழலிலோ நின்றுவிடுகின்றன. வருங்காலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை அரிது. ஆனால் அதற்கான சாமான்கள் நம் முற்றத்திலேயே கிடக்கின்றன. குருந்தூர்மலையில் தொல்லியலின் பெயரால் நிலத்தகராறு. வனத்திணைக்களத்தின் எல்லைக்கல் வயலுக்குள். கணவனை இழந்த பெண்களின் கையில் நுண்கடன் அட்டை. சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளத்தில் முன்பள்ளி ஆசிரியை. 2017 தொடக்கம் கிளிநொச்சி வீதியோரத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு இருக்கும் தாய்மார். இவை ஒவ்வொன்றையும் இருபது வருடம் முன்னே தள்ளிப் பார்க்கும் துணிவு இளைய எழுத்தாளருக்கு வேண்டும். அந்த நாவலுக்கு ஒரு துப்பாக்கிச் சூடுகூடத் தேவைப்படாமல் போகலாம். ஒரு படிவமும், அதை நிரப்பத் தெரிந்த ஒரு பெண்ணும், அதை ஏற்க மறுக்கும் ஒரு அலுவலரும் போதும். அந்த மறுப்புக்கு அலுவலர் சொல்லும் காரணத்தை எழுதுபவர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், வன்னி வாசகர் புத்தகத்தை மூடமாட்டார்.