பெயரில் மட்டும் ஜாஸ்பர்

வெளிறிய பாலேட்டு நிறம், அதன்மேல் கரும்புள்ளிகள். மணிமாலைகளிலும் மோதிரங்களிலும் ‘டால்மேஷியன் ஜாஸ்பர்’ என்ற பெயரில் விற்கப்படும் மெருகேற்றிய கல்லை நீங்கள் பார்த்திருக்கலாம். டால்மேஷியன் இனப் புள்ளி நாயை நினைவூட்டுவதால் பெயரின் முற்பாதி பொருத்தமானதே. குறை பிற்பாதியில்தான் உள்ளது.

ஜாஸ்பர் என்பது கண்ணுக்குப் புலப்படாத நுண்படிகங்களால் ஆன, ஒளி புகாத குவார்ட்ஸ் ஆகும். இரும்பு ஆக்சைடுகள் கலந்திருப்பதால் அது சிவப்பு, மஞ்சள், பழுப்பு நிறங்களைப் பெறுகிறது. மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் கிடைக்கும் இந்தப் புள்ளிக்கல்லோ, பாறைக்குழம்பு இறுகி உண்டான தீப்பாறை. அதன் வெளிர்ப்பகுதி ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்ந்தது. புள்ளிகளை டூர்மலின் என்று விற்பனையாளர்கள் கூறுவதும் தவறு. அவை ஆர்ஃப்வெட்சோனைட் என்னும் கனிமம்.

அழகாக இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. ஃபெல்ஸ்பாரின் கடினம் ஏறத்தாழ 6. புள்ளிகளின் கடினம் அதனினும் சற்றுக் குறைவு. மேலும் ஃபெல்ஸ்பாருக்குப் பிளவுத் தளங்கள் உண்டு, ஜாஸ்பருக்கு இல்லை. பெயரை நம்பி, ஜாஸ்பரைப் போலவே இதையும் சாணை பிடித்தால், மேற்பரப்பில் மேடுபள்ளம் தோன்றக்கூடும்.

இதற்கு நேர்மாறான வழக்கமும் உண்டு. உண்மையான ஜாஸ்பருக்கு நீலச் சாயம் ஏற்றி ‘சுவிஸ் லாபிஸ்’ என்று விற்பார்கள். அங்கே ஜாஸ்பர் தன் பெயரை இழக்கிறது. இங்கே வேறொரு கல் அதைக் கடன் வாங்குகிறது.

புள்ளிக்கல்லின் அழகில் குறையில்லை. வாங்கி அணியுங்கள். ஆனால், கல் சேகரிப்பவராயின், பெட்டியில் ‘டால்மேஷியன் கல்’ என்று மட்டும் எழுதி வையுங்கள்.