மூன்று பிஸ்டல்கள், ஒரே உள்ளங்கை

குறி தப்பினால் துப்பாக்கியைத் திட்டுவது சுடுகிற எல்லோருக்கும் வழக்கம். நானும் திட்டியவன்தான். ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு சுடுதளத்தில், ஒரே ரக 115 கிரெய்ன் 9 எம்.எம். தோட்டாக்களைப் போட்டு மூன்று பிஸ்டல்களைச் சனிக்கிழமை முழுக்க மாற்றி மாற்றிச் சுட்டேன். அதற்குப் பிறகு திட்டுவது குறைந்திருக்கிறது.

குளோக் 19 ஐந்தாம் தலைமுறை, ஹெக்லர் அண்ட் கோக் விபி9, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட். மூன்றுமே ஸ்ட்ரைக்கர் ரகம். வெளியே சுத்தியல் கிடையாது. உள்ளே சுருள்வில்லோடு நிற்கும் ஊசி, விசையை அழுத்தியதும் பாய்ந்து தோட்டாவின் அடியைக் குத்தும். குழல் மூன்றிலும் ஏறத்தாழ 4 அங்குலம்.

7 கெஜத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. தாளை 15 கெஜத்துக்குத் தள்ளியதும் குளோக்கில் என் தோட்டாக்கள் கூட்டமாக இடப்பக்கம் கீழே இறங்கின. குறிகாட்டி கோணலோ என்று சந்தேகப்பட்டேன். கூட வந்த நண்பர் ஒன்றும் சொல்லாமல், எனக்குத் தெரியாதபடி மேகசினுக்குள் ஒரு டம்மி தோட்டாவைச் செருகிவிட்டார். அதன் முறை வந்தபோது பிஸ்டல் வெடிக்கவில்லை. ஆனால் உதை வரப்போகிறதென்று பயந்து என் மணிக்கட்டு அதன் மூக்கைக் குனியவைத்ததைக் கண்ணால் பார்த்தேன். "விசையை இழுக்காதடா, நேரா பின்னாடி அழுத்து" என்றார்.

குளோக்கின் ஊசி பாதிதான் இழுபட்டிருக்கும். மீதியை நம் விரல்தான் இழுத்து முடிக்க வேண்டும். அதனால் விசையில் கொஞ்சம் ரப்பர்த்தனம். விட்டுப் பிடிக்கும்போது வரும் 'டக்' மட்டும் அருமை. விபி9-இல் ஊசி முழுவதும் இழுபட்டே காத்திருக்கிறது. விசை சிறிது தூரம் சும்மா வந்து, ஒரு சுவரில் முட்டி, சட்டென்று உடைகிறது. பயத்துக்கு நேரமே கொடுப்பதில்லை. என் தோட்டாக்கள் நடுவுக்கு வந்தது இதில்தான்.

பிடியிலும் அதற்கே முதலிடம். முதுகுப் பட்டை மூன்று அளவு, இடப்பக்கத் தகடு மூன்று, வலப்பக்கத் தகடு மூன்று. ஆக 27 விதமாகப் பொருத்தலாம். அடியிலிருக்கும் சிறு முளையைத் தட்டி எடுத்து, வலப்பக்கம் சிறியதும் இடப்பக்கம் நடுத்தரமும் போட்டோம். ஆள்காட்டி விரல் நேராக விசைமேல் போய் உட்கார்ந்தது. எம் அண்ட் பி-யில் நான்கு முதுகுப் பட்டைகள். பிடியின் சொரசொரப்பு உப்புத்தாள் மாதிரி. வியர்த்த கையிலும் நழுவாது, நூறு தோட்டாவுக்குப் பிறகு உள்ளங்கை சிவந்துவிடும்.

கழற்றுவதைப் பற்றி ஒன்று. குளோக்கைப் பிரிக்க விசையை அழுத்தியே ஆகவேண்டும். அறை காலிதானா என்று விரலை விட்டுத் தடவிப் பார்க்காத சோம்பேறிகளுக்கு அது ஆபத்து. மற்ற இரண்டையும் விசையைத் தொடாமலே பிரிக்கலாம்.

வாங்குவதென்றால் எனக்கு விபி9. நண்பர் குளோக்கை விடமாட்டார். அதன் பிடி மற்றவற்றைவிடச் சாய்வு அதிகம். அவர் மணிக்கட்டு பல வருடமாக அதற்குப் பழகிவிட்டது. விபி9-ஐ அவர் சட்டென்று தூக்கினால் முன்குறி தரையைப் பார்க்கிறது. அவருடையதை நான் தூக்கினால் கூரையைப் பார்க்கிறது.