அரை கிளாஸ், நிறைய நுரை

அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை இரவு ஆறு திராட்சைப் பழங்களுக்குள் அடங்கிவிடும்.

கம்பம் பன்னீர் திராட்சை. மதியமே எண்ணி எடுத்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு ஃப்ரீசருக்குள் வைத்துவிடுவேன். ராத்திரி ஒன்பதரைக்கு வெளியே எடுக்கும்போது கறுநீலத் தோலின்மேல் விபூதி பூசியதுபோல் பனி படிந்திருக்கும். அம்மா முதல் பழத்தைக் கடிக்க மாட்டாள். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நாக்கால் மெல்லப் புரட்டுவாள். முதலில் பனி போகும். அப்புறம் தோல் நெகிழும். பன்னீர் திராட்சைக்குத் தோல் கொஞ்சம் தடிமன். சதையை விட்டுத் தானே கழன்றுகொள்ளும். உள்ளே இருப்பது சாறும் இல்லை, கட்டியும் இல்லை. பல் பட்டதும் ஈரமணலாய் உதிரும் ஒரு குளிர்ச்சி. விதைகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுத் தோலைக் கடைசியாக மெல்லுவாள். அந்தத் துவர்ப்பு தொண்டைவரை இறங்கட்டும் என்று கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு பழத்துக்கு ஐந்து நிமிடம். ஆறு பழத்துக்கு அரை மணி நேரம். அத்தனையையும் பிழிந்தால் ஒரு மடக்குத் தண்ணீர் தேறும், அவ்வளவுதான்.

அவளுடைய சிறுநீரகங்கள் வேலையை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மேலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி. வாரத்திலேயே நீளமான தூரம் அது. குடிக்கிற தண்ணீர் வெளியேற வழி கிடையாது. உள்ளே போனது காலில் வீங்கும், நெஞ்சில் கோக்கும், மூச்சை முட்டும். டாக்டர் அவளுக்குச் சொன்ன கணக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி. காப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர், மோர்ச் சாதத்தின் மோர், எல்லாம் அதற்குள்.

கணக்குத் தப்பாமல் இருக்க அம்மாவே ஒரு முறை வைத்திருக்கிறாள். காலையில் ஒரு பாட்டிலில் 750 மில்லி ஊற்றிவைத்துவிடுவாள். காப்பி குடித்தால், குடித்த அளவுக்குத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்து வாசல் துளசிக்கு ஊற்றிவிடுவாள். ரசம் என்றாலும் அப்படியே. சாயங்காலம் பாட்டிலில் மிஞ்சியிருப்பதுதான் அன்றைக்கு அவளுக்கு மிச்சம். ஆறு ஆண்டுகளாக அம்மா காப்பி குடிக்கும்போதெல்லாம் அந்தச் செடியும் குடித்திருக்கிறது. எங்கள் தெருவில் அத்தனை செழித்த துளசி வேறு இல்லை.

தாகத்தை வெயில்தான் கிளப்பும் என்று நானும் நினைத்திருந்தேன். வெயிலைவிட உப்பு கிளப்பும். அதனால் எங்கள் சமையலில் உப்பு கொதிக்கும் சட்டிக்குள் போவதே இல்லை. அம்மாவின் பங்கு தட்டுக்கு வந்த பிறகு, மேலாக, விரல் நுனியால் தூவுகிறோம். உள்ளே கரைந்த உப்பு நாக்குக்குத் தெரியாமலே வயிற்றுக்குப் போய்விடும். மேலே கிடக்கும் நாலு கல் நாக்கில் நேராக விழும். உருளைக்கிழங்கு என்றால் தோல் சீவி, மெல்லிசாக அரிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்து, பொட்டாசியத்தைக் குறைத்த பிறகுதான் தாளிக்க வேண்டும். அப்போது கிழங்கின் ருசியும் பாதி போயிருக்கும். போனதை மீட்டுக்கொண்டு வருவது பெருங்காயம். நல்லெண்ணெயில் கட்டிப் பெருங்காயம் பொரியும் அந்தச் சில விநாடி, கூடத்தில் படுத்திருக்கும் அம்மா தலையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் பார்ப்பாள். நான் அதற்காகவே தாளிப்பதைக் கடைசிவரை தள்ளிப்போடுவேன்.

டயாலிசிஸ் வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் எடை மெஷின். இங்கே யாரும் யாரையும் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பதில்லை. "எத்தனை ஏறியிருக்கு?" அவ்வளவுதான். வெளியே யாராவது கேட்டால் முகம் சுளிக்க வைக்கிற கேள்வி. இங்கே அதைவிடக் கனிவான விசாரிப்பு கிடையாது. போன தடவைக்குப் பிறகு உடம்பில் தங்கிய தண்ணீரைத்தான் கேட்கிறார்கள். ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர். "ரெண்டே முக்கால்" என்றால் அடுத்த கட்டிலிலிருந்து, "என்னக்கா, கல்யாண வீடா?" என்று வரும். "ஒண்ணரை" என்றால் நாலு கட்டிலும் திரும்பிப் பார்க்கும். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் "சபாஷ்" என்பார். ஒரு மனுஷி இரண்டு நாள் ராத்திரி நாக்கு வறண்டு கிடந்ததை ஒரே எண்ணில் சொல்ல முடிகிற இடம் அது. கேட்கிறவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை, அவருடைய நாக்கும் அப்படித்தான் கிடந்திருக்கும்.

அப்புறம் ஊசி. சாதாரண ஊசி இல்லை. ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் கனம், ஒரு தடவைக்கு இரண்டு. டெக்னீசியன் தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கையைத் துடைத்து, நரம்பைத் தொட்டுப் பார்த்து, ஊசி நுனி தோலைத் தொடும் நேரத்தில் கேட்பான்: "அம்மா, நேத்து என்ன கொழம்பு?"

அம்மா பதிலைத் தொடங்குவாள். அது முடிவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். இந்த வித்தை அம்மாவுக்கு இரண்டாம் வாரமே புரிந்துவிட்டது. ஆனாலும் அவன் கேட்பதை நிறுத்தவில்லை, அவளும் சொல்வதை நிறுத்தவில்லை. இதில் எனக்குப் பிடித்தது அம்மா செய்த திருத்தம்தான். நடந்ததைச் சொல்வதை அவள் விட்டுவிட்டாள். பஸ்ஸில் வரும்போதே யோசித்துவைக்கிறாள். "அயிர மீனு. உசுரோட வாங்கியாந்து, பால்ல விட்டுக் கழுவி, புளியக் கெட்டியாக் கரைச்சு..." அவள் உப்பு புளியோடு அயிரை மீன் குழம்பு சாப்பிட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்தக் குழம்பு வாரம் மூன்று நாள் அந்த வார்டில் கொதிக்கிறது. இரண்டாவது ஊசிக்கு அது இறக்கும் பதத்துக்கு வந்திருக்கும். "மல்லித்தழ கடைசியில தானம்மா?" என்று அந்தத் தம்பி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே கேட்பான்.

டயாலிசிஸ் மெஷின் ஓடத் தொடங்கியதும் குளிரும். ரத்தம் உடம்பைவிட்டு வெளியே குழாயில் சுற்றி வருவதால் சூட்டை இழக்கிறது, ஏசி வேறு. ஆஸ்பத்திரிப் போர்வை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய பழைய சுங்குடிச் சேலை இரண்டை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலோட்டம் போட்டுக் கொடுத்தேன். இடப்பக்கம் தோளுக்குக் கீழே ஒரு திறப்பு விட்டிருக்கிறேன். ஊசி குத்திய கை எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூடக் கூடாது. ஊசி நழுவினால் யாரும் பார்ப்பதற்குள் ரத்தம் போய்விடும். உடம்பெல்லாம் போர்வைக்குள், இடக்கை மட்டும் வெளியே. அம்மா வலக்கையால் சேலையின் புள்ளிகளைத் தடவிக்கொண்டே இருப்பாள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய சேலை அது. எத்தனையோ தடவை துவைத்த பிறகும் முடிச்சு இருந்த இடத்தில் துணி குண்டூசித் தலை அளவுக்குப் புடைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் வரிசை தெரியும். ஜெபமாலை உருட்டுகிறவர்களைப் போல, அவள் நான்கு மணி நேரத்தில் முந்தானையிலிருந்து உடல் பகுதிவரை போய் வந்துவிடுவாள்.

அந்த மெஷினையும் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு 250 மில்லி ரத்தம். நான்கு மணி நேரத்தில் 60 லிட்டர். உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டருக்குள்தான், அதுவே திரும்பத் திரும்பப் போய் வருகிறது. ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழல்போல் நிற்கும் வடிகட்டிக்குள் தலைமுடிபோல் மெல்லிய இழைகள் பத்தாயிரம் அளவில். அவற்றின் உள்ளே ரத்தம், வெளியே எதிர்த்திசையில் சுத்திகரித்த நீர்க் கரைசல். இந்தக் கரைசல் மட்டும் ஒரு தடவைக்கு 120 லிட்டர். 750 மில்லியை எண்ணிக் குடிக்கிறவளின் ரத்தத்தை ஒட்டி 120 லிட்டர் ஓடி மறைகிறது, ஒரு சொட்டும் தொண்டையை நனைக்காமல். 1943-ல் நெதர்லாந்தின் காம்பன் ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர், இறைச்சி அடைக்கப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை உருளையில் சுற்றி இதற்கு முன்னோடியைச் செய்தார். போர்க்காலம், அகப்பட்டதைக் கொண்டு செய்தது. பலர் இறந்த பிறகு, 1945-ல் ஒரு 67 வயது அம்மாள் அதில் பிழைத்து எழுந்தார். அந்த அம்மாளுக்கு அன்று குளிர்ந்திருக்குமா, யாராவது போர்த்திவிட்டிருப்பார்களா என்றுதான் எனக்குத் தோன்றும்.

எனக்கு மெஷினைவிட அம்மாவின் இடக்கை பெரிய அதிசயம். மணிக்கட்டுக்கு மேலே தமனியையும் சிரையையும் தைத்து இணைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள், 1966-ல் நியூயார்க்கில் பிரெஷா, சிமினோ, ஆப்பெல் முதலியோர் உலகுக்குச் சொன்ன முறை. தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து, அது கயிறாகத் திரண்டு, தோலுக்கடியில் ஓயாமல் இரைகிறது. தொட்டால் பூனையின் தொண்டைபோல் அதிரும். காதை வைத்தால் சுருதிப்பெட்டி மூச்சு விடுவதுபோல் ஒரு நீண்ட ஸ்ஸ். அந்த ஒலி இருந்தால் ரத்தம் ஓடுகிறது, நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இறுக்கமாக எதுவும் போடக் கூடாது. ஆகவே அம்மாவின் வளையல்கள் எல்லாம் வலக்கைக்கு மாறிவிட்டன. இருட்டில் அவள் எழுந்து நடந்தால் ஒரு பக்கம் வளையல் குலுங்கும். பக்கத்தில் படுத்தவர்களுக்கு மற்றப் பக்கமும் கேட்கும். விடிந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வலக்கை விரல்கள் இடக்கைக்குப் போகும். "ஓடுது" என்பாள். அதற்கப்புறம்தான் எனக்கும் விடியும்.

ஆறுதல் என்ற சொல்லை நான் நின்று கவனித்தது இந்த ஆண்டுகளில்தான். காப்பி ஆறும், புண் ஆறும், பசி ஆறும், மனசு ஆறும். எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே வினை. அம்மாவின் நோய் ஆறாது. ஆனால் அவளைப் பார்க்க வருகிறவர்கள் ஆறிவிடும், எல்லாம் சரியாப் போயிரும் என்றுதான் சொல்கிறார்கள். அன்பில் குறையில்லை, ஆனால் அந்தச் சொல் அவளை வந்து சேர்வதில்லை. போன சித்திரையில் சின்ன அத்தை நாலு இளநீர் தூக்கிக்கொண்டு வந்தாள், வெயிலில், நடந்தே. இளநீரில் இருக்கும் பொட்டாசியம் அம்மாவின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. அத்தைக்கு அது தெரியாது. நான் வாய் திறப்பதற்குள் அம்மா ஒரு காயை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், பிறகு நெற்றி. "எம்புட்டுச் சில்லுனு இருக்கு" என்றாள். அப்புறம், "நீ சீவிக் குடி. நான் பாக்குறேன்." அத்தை அண்ணாந்து குடிக்க, தொண்டை ஏறி இறங்குவதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஏக்கம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏக்கத்தோடு கூடவே ஒரு நிறைவும் இருந்தது, பிள்ளைக்கு ஊட்டி முடித்த பிறகு தாய்மார் முகத்தில் வருவது.

எங்கள் வார்டில் யாரும் செத்துப்போவதில்லை. "ஷிஃப்ட் மாறிட்டாரு" என்பார்கள். கணக்கு வாத்தியார் ஒரு புதன்கிழமை வரவில்லை. சிஸ்டர் அவர் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டார். எதிர்க் கட்டில்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு அம்மாவுக்கு 'ஒண்ணரை'. அதைச் சொல்லிவிட்டு அவள் ஒரு நொடி காத்திருந்தாள். கடைசிக் கட்டிலிலிருந்து ஒரு கல்லூரிப் பையன், வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவன், தயங்கித் தயங்கி "சபாஷ்" என்றான். அம்மா அவன் பக்கம் திரும்பி, ஊசி குத்தாத கையைத் தூக்கிக் காட்டினாள்; வளையல்கள் முழங்கைவரை சரிந்தன.

பதினொன்றரைக்கு முடியும். ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு ஓட்டைக்கும் சேர்த்துக் கால் மணி நேரம். திரும்ப எடை. அப்புறம் கேட்டுக்கு எதிரே டீக்கடை. மற்ற நாளெல்லாம் காப்பிதான். டயாலிசிஸ் நாளில் மட்டும் டீ. 60 மில்லி, அதற்குமேல் இல்லை. தொடக்கத்தில் "அரை கிளாஸ் போதும்ணே" என்று நான் சொல்வேன். பாதி கிளாஸ் டீ வரும். நிறைந்த கிளாஸ்களுக்கு நடுவில் பாதி கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் மாஸ்டர், நான் எதுவும் சொல்லாமலே, அதே அரை கிளாஸை எடுத்து ஆற்றத் தொடங்கினார். கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழெட்டுத் தடவை. டீ பழுப்புக் கயிறாக இறங்கி இறங்கி ஏறியது. கொண்டுவந்து வைத்தபோது கிளாஸ் விளிம்புவரை நிறைந்திருந்தது. கீழ்ப்பாதி டீ, மேல்பாதி நுரை.

அன்றிலிருந்து அப்படித்தான். நாங்கள் ரோட்டைக் கடக்கும்போதே அவர் கை உயர்ந்துவிடும். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, முதலில் நுரையை ஊதுவாள். குமிழிகள் ஓரத்துக்கு ஓடி, சன்னமாக வெடிக்கும். உதட்டில் ஒட்டுவதைத் துடைக்க மாட்டாள். டீ தீர்ந்த பிறகும் கிளாஸின் உள்சுவரில் நுரை வளையம் வளையமாக நிற்கும். அதையும் ஆள்காட்டி விரலால் சுற்றி வழித்து எடுத்துக்கொண்டுதான், மாட்டுத்தாவணி பஸ்ஸுக்கு எழுந்திருப்பாள்.