மண்ணடிக் காற்றை மறந்த திரைப்படம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வோபர்ன் நகரில் குழந்தைகள் பலருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. நகரின் கிணற்று நீரைக் கெடுத்ததாகத் தொழில் நிறுவனங்கள் மீது பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். இதை ஜோனதன் ஹார் 1995-இல் நூலாக எழுதினார். அதைத் தழுவி ஸ்டீவன் ஜெய்லியன் 1998-இல் உருவாக்கிய படமே ‘எ சிவில் ஆக்‌ஷன்’. ஜான் டிரவோல்ட்டாவும் ராபர்ட் டுவாலும் எதிரெதிர் வழக்கறிஞர்கள். நடிப்பில் குறை சொல்ல இடமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நில ஆய்வுக்குச் செலவழித்தே வழக்கறிஞர்கள் கடனாளியாவதைப் படம் விரிவாகக் காட்டுகிறது. அந்தப் பணத்தைக் கொண்டு மண்ணில் எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்பது பார்ப்பவருக்கு விளங்குவதே இல்லை. வழக்கின் உயிர்நாடி அதுவல்லவா?

1979-இல் ‘ஜி’, ‘எச்’ என்ற இரு கிணறுகள் மூடப்பட்டன. ‘ஜி’ கிணற்று நீரில் நூறு கோடிப் பங்குக்கு 267 பங்கு டிரைகுளோரோஎத்திலீன் இருந்தது. இயந்திர உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் திரவம் இது. குடிநீரில் இன்று அமெரிக்கா அனுமதிக்கும் அளவு 5 பங்குதான்.

இத்திரவம் நீரோடு நின்றுவிடாது, எளிதில் ஆவியாகும். சோடா பாட்டிலில் நீருக்கு மேலுள்ள இடத்தில் வாயு நிறைந்திருப்பதை நினைத்துக் கொள்ளுங்கள். கல்லூரியில் படிக்கும் ஹென்றி விதி இங்கும் செல்லும். அறை வெப்பநிலையில், சமநிலை ஏற்பட்டால், ஒரு லிட்டர் நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதனைத் தொட்டிருக்கும் ஒரு லிட்டர் காற்றில் இருக்கும். 267 மைக்ரோகிராம் நீரில் என்றால், காற்றில் சுமார் 90. மண் துகள்களுக்கு இடைப்பட்ட துளைகளின் வழியே அந்த ஆவி மேலேறி வீட்டின் அடித்தளத்துக்கும் வரக்கூடும். வழக்கு குடிநீரைப் பற்றியது என்பதால், ஆவியைப் பேசவில்லை என்று படத்தைக் குறை கூறுவது முழு நியாயமாகாது. ஆனால் நிலத்தைத் துருவும் கலையை மக்களுக்குக் காட்டக் கிடைத்த அருமையான வாய்ப்பு வீணாயிற்று.

அதில் நாடகத்துக்கா பஞ்சம்? ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, நுனியில் சல்லடைக் கண்கள் உள்ள மெல்லிய குழாயை இறக்குகிறார்கள். நுனியைச் சுற்றி மணல். அதற்கு மேல் நீர் பட்டால் உப்பி அடைக்கும் பென்டோனைட் களிமண். குழாயில் தேங்கிய பழைய காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். பிறகு, காற்றகற்றிய எஃகுக் கலத்துக்குள் நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டருக்கு மேற்படாமல் மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டு உறிஞ்சினால் மேலிருந்து வெளிக்காற்று இறங்கிவிடும். பெருமழை பெய்த மறுநாள் எடுப்பதும் தவறு. மண் துளைகளில் நீர் நிரம்பியிருக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்கும் உபாயம் அழகானது. குழாய் மண்ணில் நுழையும் இடத்தை ஒரு மூடியால் கவிழ்த்து, உள்ளே ஹீலியத்தை நிரப்புகிறார்கள். மாதிரியில் ஹீலியம் தென்பட்டால் கசிவு என்று பொருள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. பெரும்பாலான அளவைகளில் பிழை இரு பக்கமும் சாயும். இங்கே கசிவு என்னும் பிழை ஒரு பக்கமே சாய்கிறது. வெளிக்காற்று கலந்தால் நஞ்சின் அளவு குறைந்தே தெரியும். களிமண்ணைச் சரியாக அடைக்காத ஒரு வேலையாள், தான் அறியாமலே மாசுபடுத்தியவனுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லிவிடுகிறான். மேலே குடியிருப்பவர்களுக்கு ‘ஆபத்தில்லை’ என்ற சீட்டு கிடைக்கிறது. எந்தக் குறுக்கு விசாரணைக் காட்சி இதைவிடக் கூர்மையாக இருந்துவிடப் போகிறது?

1986-இல் ஜூரிகள் பீட்ரிஸ் நிறுவனத்தை விடுவித்தனர். வழக்கில் அடிபட்ட அதன் ‘வைல்ட்வுட்’ நிலத்தில், மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆணைப்படி, மண்ணடிக் காற்றை உறிஞ்சி நஞ்சை அகற்றும் பணி பின்னர் நடந்தது.