நெற்றியில் எழுதிய எழுத்து

சிறையிலிருந்து விடுதலையான ஓர் இளைஞன் வேலை தேடி வருகிறான். எங்கும் கிடைக்கவில்லை. காரணம் கேட்கவும் தேவையில்லை. உலகையே வசைபாடும் ஆபாசச் சொற்களை நெற்றி முழுவதும் பச்சை குத்திக்கொண்டவன் அவன். அவனைத் தம் ரொட்டிக் கூடத்தில் வேலைக்கு அமர்த்திவிட்டு, மருத்துவர் ஒருவரைக் கொண்டு அந்த எழுத்தைச் சிறிது சிறிதாக அழிக்கச் செய்கிறார் ஒரு குரு. தலையெழுத்தை யாராலும் மாற்ற இயலாது என்று பேசியே பழகிய நமக்கு இந்நிகழ்ச்சி சற்று அதிர்ச்சியூட்டுவதுதான். இயேசு சபைக் குரு கிரெகரி பாயில் 2010ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட 'டாட்டூஸ் ஆன் தி ஹார்ட்' என்னும் நூலில் இதைப் படித்தோம். நெஞ்சில் குத்திய பச்சை என்று அத்தலைப்பைச் சொல்லலாம்.

நூலின் களம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள பாயில் ஹைட்ஸ் பகுதி. (ஊர்ப் பெயரும் ஆசிரியர் பெயரும் ஒன்றாயிருப்பது தற்செயலே.) 1986இல் அங்குள்ள டொலோரஸ் மிஷன் பங்கின் பொறுப்பை அவர் ஏற்றபோது, பங்கின் எல்லைக்குள் எட்டுக் குழுக்கள் துப்பாக்கியுடன் திரிந்தன. 1988இல் அந்த இளைஞர்களுக்கு வேலை தேடித் தரும் முயற்சி தொடங்கியது. 1992இல் நகரமே கலவரத்தில் எரிந்த பிறகு, கோவிலுக்கு எதிரே பூட்டிக் கிடந்த ஒரு பழைய ரொட்டிக் கூடம் வாங்கப்பட்டது. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் அங்கே அருகருகே நின்று மாவு பிசைந்தார்கள். 2001இல் இப்பணி 'ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ்' என்னும் தனி அறப்பணி நிறுவனமாயிற்று. வேலைப் பயிற்சியோடு உளநல ஆலோசனை, சட்ட உதவி, பச்சைக் குறிகளைக் கட்டணமின்றி அழித்தல் ஆகியவையும் அங்குண்டு.

இவற்றையெல்லாம்விட நம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்த பகுதி பங்கு மக்களைப் பற்றியது. குழு இளைஞர்கள் கோவில் வளாகத்தில் வந்து அமரத் தொடங்கியதும் முணுமுணுப்பு எழுகிறது. இது கோவிலா, போக்கிரிகளின் கூடாரமா என்று கேட்கிறார்கள். கூட்டம் கூட்டப்படுகிறது. குரு விடை சொல்லும் முன்பே தாய்மார் எழுந்து நின்று, இயேசு இங்கிருந்தால் இதைத்தான் செய்வார் என்ற பொருள்படப் பேசி முடித்துவிடுகிறார்கள். பங்குப் பேரவைக் கூட்டங்களில் அமர்ந்து பழகியவர்களுக்கு இதன் அருமை விளங்கும். சவுலைக் கண்டு எருசலேம் சீடர்கள் அஞ்சி விலகியபோது, அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர் பர்னபா அன்றோ? திருந்தியவனுக்குத் தன் திருந்தலை மட்டும் காட்டி உள்ளே வர இயலுவதில்லை. அவனுக்காக வாய் திறக்க ஒருவர் வேண்டும்.

ஆசிரியரின் அடிப்படைக் கருத்து, இது தொண்டு அல்ல, உறவு என்பது. தொண்டு செய்பவர் மேலேயும் பெறுபவர் கீழேயும் நிற்கும்வரை எதுவும் மாறாது என்கிறார். அவர் ஆளும் ஆங்கிலச் சொல்லுக்கு நம்மிடம் 'சுற்றம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. சுற்றந்தழால் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார், அதுவும் அரசியலில். ஆனால் கொலை செய்தவனையும் சுற்றமாகத் தழுவ முடியுமா? அதற்கு நூல் தரும் விடை வாதம் அல்ல, ஒரு தாய். இரு மகன்களைக் குழுச் சண்டையில் பறிகொடுத்தவள் அவள். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் எதிர்க்குழுப் பையன் குண்டடிபட்டு உயிருக்குப் போராடுகிறான். அவன் பிழைக்க வேண்டும் என்றே அவள் மன்றாடுகிறாள், தான் பட்டதை இன்னொரு தாய் படலாகாது என்பதற்காக. நூலின் சிகரம் இதுவே எனக் கருதுகிறோம்.

எனினும் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். மறையுரைகளில் பழகிய கை எழுதிய நூல் இது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு சிரிப்பிலோ கண்ணீரிலோ குறித்த இடத்தில் வந்து முடிகிறது. பத்தாவது நிகழ்ச்சிக்குள் முடிவை நாமே ஊகித்துவிடுகிறோம். மேடையில் பலிக்கும் உத்தி ஏட்டில் சலிக்கிறது. வெற்றியை எண்ணிக்கையால் அளக்காதீர்கள் என்று அவர் ஓர் இயல் முழுவதும் வாதிடுவது அழகுதான். ஆனால் நூல் வெளிவந்த அதே 2010இல் பணமின்றிச் சுமார் 300 பேரை நிறுவனம் வேலையிலிருந்து நிறுத்த நேர்ந்தது. உறவு என்று சொல்லி அழைத்தவர்களுக்குச் சம்பளமும் தர வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கையும் ஆசிரியர் எழுதியிருக்கலாம்.

சட்டமும் நூலில் வெகு தொலைவில் நின்றுவிடுகிறது. மூன்றாம் முறை குற்றம் செய்தவனுக்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை என்று கலிபோர்னியா 1994இல் சட்டம் இயற்றியது. அந்தக் கதவுக்குப் பின்னே போனவர்களுக்கு ரொட்டிக் கூடம் எந்நாளில் பயன்படும்? இந்த இடத்தில் பிரையன் ஸ்டீவன்சன் 2014இல் எழுதிய 'ஜஸ்ட் மெர்சி' நமக்குத் துணைவருகிறது. 1989இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் ஓர் அறப்பணி நிறுவனம் தொடங்கி நீதிமன்றத்தில் போராடிய வழக்கறிஞர் அவர். வால்டர் மக்மில்லியன் என்னும் கறுப்பினத்தவருக்கு நடுவர் குழு ஆயுள் தண்டனை போதும் என்றது; நீதிபதியோ அதை மரண தண்டனையாக மாற்றினார். செய்யாத கொலைக்காக ஆறாண்டுகள் மரணக் கொட்டடியில் கிடந்த அம்மனிதர் 1993இல் விடுதலை பெற்றார். முதுமையில் நினைவு தடுமாறியபோது, தாம் இன்னும் அக்கொட்டடியில்தான் இருப்பதாக எண்ணி அஞ்சினாராம். ஸ்டீவன்சன் இதை மறைக்கவில்லை. வழக்கை வென்றதோடு முடித்திருந்தால் நூல் எளிதாக இனித்திருக்கும்.

இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பதே நல்லது, முதலில் பாயில், பிறகு ஸ்டீவன்சன். பாயிலைத் தமிழாக்க முன்வருவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அவருடைய இளைஞர்கள் ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்த தெருமொழியில் பேசுகிறார்கள். வசைச் சொற்களும் தாராளம். அதை நம் மறைக்கல்வி நூல் நடையில் எழுதினால், அந்த ரொட்டிக் கூடத்தில் நிற்பவர்கள் யாரென்றே வாசகர்க்குத் தெரியாமற்போகும்.